கைவிட்டவரின் கையெழுத்து

என் முதல் ஓட்டை யாருக்குப் போட்டேன் என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்லிவிடுவேன். சரியான ஆளுக்குத்தான் போட்டாயா என்று கேட்டால் மட்டும் எனக்குக் கோபம் வரும். பதில் தெரியாத கேள்விகளுக்கெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படி.

தொண்ணூறுகளின் நடுவில், வெகுகாலமாக நடக்காமல் கிடந்த பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. நான் அப்போது காரைக்குடியில் பெண்கள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் கோட்டையூரிலிருந்து உள்ளே பிரிந்து போகிற சின்ன ஊர். தலைவர் பதவிக்கு இரண்டே பேர் நின்றார்கள். ஒருவர் ஊர் அம்பலகாரர், அதாவது கோயில் மரியாதையும் ஊர் வழக்கும் அவர் கையில். இன்னொருவர் என் மச்சான், அக்காவின் கணவர். கணவர் என்று எழுதக்கூட எனக்குக் கை வரவில்லை. அக்கா எங்கள் வீட்டில் இருந்தாள். மச்சானுக்கும் இதே ஊர்தான், ஓட்டும் இங்கேதான், ஆனால் புதுவயலில் வேறொரு பெண்ணோடு இருந்தார்.

புதுவயல் அரிசி ஆலை ஒன்றில் மச்சான் மேஸ்திரி. அங்கே களத்தில் நெல் காயப்போட வந்த பெண்ணோடு பழக்கம் ஏற்பட்டு, அது குடும்பமாகி, பிள்ளைகளும் பிறந்துவிட்டன. அக்காவுக்குக் குழந்தை இல்லை. ஒரு பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவளைத் திரும்ப அழைத்துப்போக அவர் வரவேயில்லை. சண்டை இல்லை, அடி இல்லை, கோர்ட்டு இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி அக்கா வருஷக்கணக்கில் எங்கள் வீட்டில் காத்திருந்தாள்.

பிறகு காத்திருப்பதை விட்டுவிட்டு வேலை தேட ஆரம்பித்தாள். பத்தாம் வகுப்பு தேறியிருந்தாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை காலியாகப் போகிறது என்று தெரிந்தது. விதவைகளுக்கும் கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கும் அந்த வேலையில் முன்னுரிமை உண்டு. அதற்குத் தாலுகா ஆபீஸில், கைவிடப்பட்டவள் என்று ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். அக்காவுக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான். அது கிடைத்தால் சொந்தச் சம்பளம். கிடைக்காவிட்டால் அப்பா இருக்கிறவரைக்கும் சோறு, அதற்கப்புறம் என்ன என்று யாருக்கும் தெரியாது.

"ஊர்ல ஒரு பெரிய மனுசர் கையெழுத்துப் போட்டாத்தான் நான் மேலே அனுப்ப முடியும்" என்றார் வி.ஏ.ஓ. பஞ்சாயத்துத் தலைவர் இல்லாத ஊரில் பெரிய மனுஷர் என்றால் அம்பலகாரர்தான். புருஷனே எழுதிக் கொடுத்தால் ஆகாதா என்று அப்பா கேட்டார். "ஆகாது. வேலைக்காக ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு எழுதுறீகன்னு சொல்லிருவாக" என்றார்.

அம்பலகாரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பார்த்த ஆண்பிள்ளைகளில் பொய் சொல்லாதவர் அவர் ஒருவர்தான். குடி, சீட்டு, வெற்றிலை எதுவும் கிடையாது. மனைவியை ஊரறிய ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. விடிந்ததும் குடிதண்ணீர் ஊருணிக்கரையில் போய் உட்கார்ந்துகொள்வார். யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. ஒரு தடவை அவர் மருமகனே தெரியாமல் கால் கழுவிவிட்டார். விருந்துக்கு வந்த மாப்பிள்ளை என்றும் பார்க்காமல், ஊர்க் கூட்டத்தில் நிறுத்தி அபராதம் போட்டார்.

அந்த நேர்மைதான் அக்காவை மறித்துக்கொண்டு நின்றது. அப்பாவும் அக்காவும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம்.

"சேர்த்து வைக்கணும்னு கூப்பிடுங்க, எந்நேரமானாலும் வாரேன். பிரிச்சு வைக்க என் கை வராது" என்றார்.

"பிரிஞ்சு வருசக்கணக்கா ஆச்சுங்கய்யா" என்றாள் அக்கா.

"பேப்பர்ல ஏறாத வரைக்கும் பிரியலத்தா. நாளைக்கே அவனுக்குப் புத்தி வந்து உன்னைக் கூப்பிட வந்தா, நான் போட்ட கையெழுத்து குறுக்க நிக்கும். அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

எனக்கு எரிச்சலாக வந்தது. அவருடைய பாவ புண்ணியக் கணக்குக்கு என் அக்காவின் வயிறுதானா கிடைத்தது? ஆனால் அவர் கண் கலங்கியிருந்ததையும் பார்த்தேன். வேஷம் போடத் தெரியாத மனிதர். அவரை முழுசாக வெறுக்கவும் முடியாமல் வீடு வந்து சேர்ந்தேன்.

மச்சானை வெறுப்பது சுலபமாக இருந்திருக்க வேண்டும். அதற்கும் அவர் இடம் கொடுக்கவில்லை. முன்பெல்லாம் டவுன் பஸ் மெயின் ரோட்டோடு போய்விடும். வேலையை விட்டுவிட்டு டெப்போவுக்கு நடையாய் நடந்து, அதை ஊருக்குள் வரவைத்தவர் அவர்தான். அவரைத் திட்டிக்கொண்டே அவர் கொண்டுவந்த பஸ்ஸில்தான் நான் கல்லூரிக்குப் போனேன். ஊரில் யாரையாவது பாம்பு கடித்தால், யாருக்காவது பிரசவ வலி எடுத்தால், முதலில் புதுவயலுக்குத்தான் ஆள் போகும். ஆலை லாரியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். ஆஸ்பத்திரியில் கூடவே இருந்து, ஆள் பிழைத்த பிறகுதான் கிளம்புவார். யாரிடமும் கை நீட்டியதில்லை. தன் பெண்டாட்டியை மட்டும் மறந்துவிட்டார், அவ்வளவுதான்.

"நல்லவன்தான்டா அவன்" என்று அப்பா ஒரு நாள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "நமக்குத்தான் நல்லவனா இல்ல."

பெற்ற மகளைத் தவிக்கவிட்டவனைப் பற்றி ஒரு அப்பா இப்படிப் பேசலாமா? இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வருஷம்தான் கல்லூரியில் ஒரு பட்டிமன்றம். தலைவர்களுக்குத் தேவை ஒழுக்கமா, திறமையா? நான் ஒழுக்கத்தின் பக்கம். "சொந்த வீட்டு விளக்கை அணைத்தவன் ஊருக்கு வெளிச்சம் தருவானா?" என்று மேஜையைத் தட்டிப் பேசினேன். கைதட்டல் அடங்கவில்லை. ஒரு எவர்சில்வர் டம்ளர் பரிசு கொடுத்தார்கள். அதில்தான் மச்சானுக்கு அம்மா காப்பி கொடுத்தாள்.

அவர் வந்தது அக்காவைத் தேடித்தான். எங்கள் ஊரில் ஓட்டுக் கேட்பதும் கல்யாணத்துக்கு அழைப்பதும் ஒன்று. புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாக வர வேண்டும். வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமத்தோடு தட்டை அவள் ஏந்தி வர வேண்டும். அவன் வாசலில் ஆண்களிடம் பேசுவான், அவள் உள்ளே போய்ப் பெண்களுக்குக் குங்குமம் கொடுப்பாள். ஒற்றையாக வந்து கேட்டால் அழைப்பில்லை என்று அர்த்தம். அம்பலகாரரும் அவர் மனைவியும் ஒரு சுற்று முடித்துவிட்டார்கள். மச்சான் ஒற்றையாக வந்தபோது பெண்கள் யாரும் நிலைப்படி தாண்டி வரவில்லை. புதுவயல்காரியைக் கூட்டிவந்தால் வாசலில் நிற்கிற ஆண்களும் உள்ளே போய்விடுவார்கள்.

மச்சான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா கதவோரம் வந்து நின்றாள்.

"ஓட்டு முடியுற வரைக்கும் கூட வந்தாப் போதும்" என்றார், அவளைப் பார்க்காமல்.

அம்மாவுக்கு முகமெல்லாம் வெளிச்சம். இதைச் சாக்கிட்டு மாப்பிள்ளை திரும்பிவிடுவார் என்று அவளுக்கு நினைப்பு. "போயிட்டு வாத்தா" என்றாள், பெண்ணை மறுவீட்டுக்கு அனுப்புகிற குரலில்.

அக்கா அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. "தலைவரானா எனக்கு ஒரு கையெழுத்துப் போடுவீகளா?" என்று மச்சானைக் கேட்டாள்.

"என்ன கையெழுத்து?"

"நீங்க என்னையக் கைவிட்டுட்டீகன்னு."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். அம்மா அழ ஆரம்பித்தாள். "போடுறேன்" என்றார் மச்சான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் போனதும் நான் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "நீ அவரோட ஜோடியா வீடு வீடாப் போனா, கைவிட்டவன்னு எவன் நம்புவான்? நீயே உன் தலையில மண்ணை வாரிப் போட்டுக்கிறியே!"

"தெரியும்."

"தெரிஞ்சுமா போற?"

"அம்பலகாரர் ஜெயிச்சா நிச்சயமாக் கிடைக்காது. இவுக ஜெயிச்சா, கெடச்சாலும் கெடைக்கும். உங்க காலேஜ்ல இதுக்கு என்ன சொல்லித் தாராக?"

நான் அந்தப் பரிசு டம்ளரை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன்.

மறுநாளே கிளம்பினாள். சுங்குடிச் சேலை, தலை நிறையப் பூ. மச்சான் முன்னால், அவள் தட்டோடு பின்னால். அவளைத் தனியாக விட மனசில்லாமல் நானும் உடன் போனேன். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு போனதால், ஓட்டுக் கேட்க வந்த மாதிரி இருந்திருக்காது, கடன் கேட்க வந்த மாதிரிதான் இருந்திருக்கும்.

பெண்கள் வெளியே வந்தார்கள். ஆனால் குங்குமத்தை வாங்கிக்கொண்டு சும்மா போகவில்லை. ஊரில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். வீட்டுக்கு வீடு அதே கேள்விதான்.

"ஏத்தா, நீயே சொல்லு. இவுகளுக்குப் போடலாமா?"

அவரோடு வாழ்ந்து பார்த்தவள் அவள் ஒருத்திதானே. தராசை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். அக்கா என்ன சொல்லப்போகிறாள் என்று ஒவ்வொரு வாசலிலும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். அவள் மாற்றாமல் ஒன்றையே சொன்னாள்.

"ஊருக்கு நல்லது செய்வாக. போடுங்க."

ஒரு வீட்டில் ஒரு கிழவி விடவில்லை. "ஊருக்குச் செய்வான், சரி. உனக்கு?"

அக்கா கிழவிக்குத் திருநீறு பூசிவிட்டாள். "நான் எனக்கா ஓட்டுக் கேட்டு வந்திருக்கேன்?" என்றாள்.

வாசலில் நின்ற மச்சானுக்கு அது கேட்டிருக்கும். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொண்டார். அவருக்கு வெட்கமா, இல்லை அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்ற அவசரமா என்று எனக்கு விளங்கவில்லை.

ஓட்டுப் பதிவு எங்கள் பள்ளிக்கூடத்தில். பதவிக்கு ஒரு நிறமாகச் சீட்டுகளை மடித்துக் கையில் கொடுத்து, மையில் தோய்ந்த முத்திரையையும் கொடுத்தார்கள். தலைவர் சீட்டில் அம்பலகாரருக்குப் பூட்டு சாவி, மச்சானுக்கு ஏணி. அட்டை மறைப்புக்குப் பின்னால் நின்று நான் அந்த இரண்டு படங்களையும் பார்த்தேன்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். நல்ல பழமொழிதான். ஆனால் எந்தச் சோற்றை எடுத்து நசுக்கிப் பார்ப்பது? அக்காவை எடுத்துப் பார்த்தால் மச்சான் வேகாத அரிசி. பாம்பு கடித்துப் பிழைத்தவனை எடுத்துப் பார்த்தால் பஞ்சாக வெந்திருக்கிறார். ஊருணியை எடுத்துப் பார்த்தால் அம்பலகாரரைப் போல உண்டா? அவரிடம் அக்காவைக் கொண்டுபோய் நிறுத்தினால் கல். மனசு இங்குட்டும் அங்குட்டும் ஆடியது. அதைவிட மோசம் ஒன்று இருந்தது. கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னவர் சொன்ன சொல் தவறாதவர். போடுகிறேன் என்றவரோ, அக்கினி சாட்சியாகக் கொடுத்த வாக்கையே காற்றில் விட்டவர். நல்லவரை நம்பினால் அக்காவுக்கு நிச்சயமாகக் கெடுதல். கெட்டவரை நம்பினால் ஒருவேளை நல்லது. டம்ளர் வாங்கின பேச்சில் இதற்கெல்லாம் இடமே இல்லை.

"சீக்கிரம் வாம்மா" என்று அதிகாரி சத்தம் போட்டார். ஏணியில் குத்தினேன். நான் மச்சானின் குணத்தை எடைபோட்டுக் குத்தவில்லை. அக்காவின் வேலைக்காகக் குத்தினேன். அது ஓட்டா, வியாபாரமா என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தேன். யாருக்குப் போட்டாய் என்று அம்மா ஜாடையில் கேட்டதற்கு வள்ளென்று விழுந்தேன்.

மச்சான் கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். மாலையோடு ஊரைச் சுற்றிவந்தபோது எங்கள் வாசலில் அக்கா ஆரத்தி எடுத்தாள். தட்டைத் தொட்டு வணங்கிவிட்டு, அன்று சாயங்காலமே அந்த மாலையோடு புதுவயலுக்குப் போனார். அம்மா வெகுநேரம் வாசலிலேயே நின்றாள்.

கையெழுத்து விஷயத்தில் நான் நினைத்தது தப்பாகப் போனது. அக்கா மனுவோடு போன அன்றைக்கே போட்டுக்கொடுத்துவிட்டார். வி.ஏ.ஓ. அதை வாங்கிவைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார். "தலைவர் கையெழுத்துச் செல்லும். புருசன் கையெழுத்துச் செல்லாது. இங்க ரெண்டும் ஒரே ஆளா இருக்கே! நான் என்னத்தச் செய்ய?" கடைசியில், நேரில் வந்து விசாரிக்கட்டும் என்று எழுதி மேலே அனுப்பினார்.

ஒரு காலையில் தாலுகா ஆபீஸிலிருந்து ஆர்.ஐ. வந்தார். பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டார்கள். ஊர் கூடிவிட்டது. மச்சான் தலைவர் என்ற முறையில் பக்கத்து நாற்காலியில் இருந்தார். அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"இந்தம்மாவை வீட்டுக்காரர் கைவிட்டது உண்மையா?" என்று ஆர்.ஐ. ஊரைப் பார்த்துக் கேட்டார்.

ஒரு பெண், "இப்பத்தான சார் ரெண்டு பேரும் சோடியா வந்து குங்குமம் குடுத்தாக" என்றாள். "ஆமா, வந்தாக" என்று இன்னும் சில குரல்கள். அவர்கள் மேல் தப்பில்லை. வந்ததைத்தானே சொன்னார்கள். தலைவருக்கு எதிராக ஏன் வாயைக் கொடுக்க வேண்டும் என்றும் நினைத்திருக்கலாம்.

ஆர்.ஐ. மச்சான் பக்கம் திரும்பினார். "நீங்கதான சார் வீட்டுக்காரர்? கையெழுத்துப் போட்டிருக்கீங்க. வாயால சொல்லுங்க, கைவிட்டது உண்மையா?"

மச்சானின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. ஆபீஸ் அறைக்குள் பேனாவால் எழுத முடிந்ததை, ஓட்டுப் போட்ட ஜனங்களுக்கு முன்னால் அவரால் சொல்ல முடியவில்லை. அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"எழுதிக்கங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அம்பலகாரர். ஊருணிக்கரையிலிருந்து நேராக வந்திருந்தார். "அவன் இந்தப் புள்ளையக் கைவிட்டு வருசக்கணக்காச்சு. சோடியா வந்தது ஓட்டுக்கு. ஊருக்கே தெரியும்."

"அப்புறம் நீங்க ஏன் முந்தியே கையெழுத்துப் போடல?" என்று ஆர்.ஐ. கேட்டார். அந்த மனிதருக்கு எங்கள் கதை எல்லாம் யாரோ சொல்லியிருந்தார்கள்.

"அப்பக் கையெழுத்துக் கேட்டாக, எனக்கு மனசு வரல. இப்ப உண்மையக் கேக்குறீக. கேட்டாச் சொல்லணும்ல?"

தோற்ற கோபத்தில் சொல்கிறார் என்று யாரோ முணுமுணுத்தார்கள். எனக்கும் ஒரு கணம் அந்தச் சந்தேகம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கேட்டதும் அந்த வார்த்தையைத்தான். ஆனாலும் ஊருக்கு நடுவில் அதை ஒருவர் உரக்கச் சொல்லிக் கேட்டபோது அவளால் தாங்க முடியவில்லை.

சான்றிதழ் வந்தது. வேலையும் வந்தது. அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பருப்பும் முட்டையும் எண்ணி வாங்க ஆரம்பித்தாள். எனக்கு மட்டும் எதுவும் தெளியவில்லை. கையெழுத்துப் போட்டவர் நல்லவரா, வாய் திறக்காததால் கெட்டவரா? உண்மை பேசியவர் நல்லவர் என்றால், அத்தனை நாள் அக்காவைக் காக்க வைத்ததை என்ன செய்வது? இதை அப்பாவிடம் கேட்டேன். "உனக்கு யாரு ஓட்டுக் குடுத்தது?" என்று சிரித்தார்.

மழைக்காலத்தில் ஒரு நாள் அக்கா வழக்கத்தைவிடத் தாமதமாக வீட்டுக்கு வந்தாள். வந்தவள் கை கால் கழுவாமல் அடுப்படி வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். என்னவென்று கேட்டேன்.

"தலைவர் வந்திருந்தாக, சத்துணவு பாக்க" என்றாள். "சமைச்சதத் தலைவர் ருசி பாத்து எழுதணுமாம். தட்டு வச்சேன்."

"அவருக்கு நீ சோறு போட்டியா?" எனக்கு ரத்தம் கொதித்தது. "கைவிட்டதுக்குச் சர்ட்டிபிகேட் வாங்கிக்கிட்டு, அந்த ஆளுக்கே சோறு போடுறியா?"

அக்கா தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாக" என்றாள்.